கிராபிக்ஸ் கார்டின் அக்கா

கேம் ஆடுவதற்கென்று பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் சேர்த்த இளம்பரிதி, மதர்போர்டைத் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். ராம் மெமரி செருக நான்கு இடம் இருந்ததால்தான் மதர்போர்டான அவளை வாங்கினான். இரண்டை நிரப்பிவிட்டு, "மீதி ரெண்டு அப்புறம் வாங்கிக்கலாம்" என்றான். அதை அவள் வாக்காகவே எடுத்துக்கொண்டாள்.

முதல் நாளே கிராபிக்ஸ் கார்டு அவள் தோளில் ஏறி உட்கார்ந்தான். ஆள் செங்கல் கனம்.

"அக்கா, உங்கள மாதிரி ஒரு துணை எனக்கு எங்கேயும் கிடைக்காது" என்றான்.

அந்த ஒரு பேச்சுக்காக நான்கு வருஷம் அவனைச் சுமந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தவர்களெல்லாம் அவனுடைய வண்ண விளக்கைத்தான் புகழ்ந்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டு, காலியாகக் கிடந்த இரண்டு இடங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராம் வந்தேவிட்டது. கூடவே புது பிராசசரும் வந்தது. அது அவளிடம் பொருந்தாதாம். அதனால் புது மதர்போர்டு ஒருத்தியும் வந்திருந்தாள்.

கார்டைப் பிடித்திருந்த கொக்கியை விடுவிக்காமலே இளம்பரிதி அவனைப் பிடுங்கினான். கொக்கி அவள் உடம்பிலிருந்து முறிந்து தெறித்தது. பதறிப்போனவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

"வலிக்குது தம்பி" என்றாள் அவள். கார்டு காதில் வாங்கவில்லை.

புதியவள் வந்த அட்டைப்பெட்டியிலேயே இளம்பரிதி அவளைப் போட்டு மூடினான். மூடி இறங்கும்போது வெளியே, புதியவளின் தோளிலிருந்து, பழகிய குரல் கேட்டது.

"அக்கா, உங்கள மாதிரி ஒரு துணை எனக்கு எங்கேயும் கிடைக்காது."