பதுளையில் நல்ல மீன் எங்கே கிடைக்கும்?

"கிளாக்கர் ஐயாவுக்கு ஒரு கடை, எனக்கு ஒரு கடையா மொதலாளி?"

இராசையாவின் குரல் உயர்ந்தது. மளிகைக் கடை வைரவநாதன் புளியை நிறுத்துக்கொண்டிருந்தார்.

கேள்வி ஒன்றுதான். பதுளை டவுனில் நல்ல கடல் மீன் குழம்பு எங்கே கிடைக்கும்?

சற்று முன் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் அதைக் கேட்டார். "ஸ்டேஷன் ரோட்டுல புதுக் கடை ஒண்ணு இருக்குங்க. கொழும்பிலேருந்து ஐஸ் பெட்டியில ரயில் ஏறி வந்த மீன்" என்றார் வைரவநாதன். ரயில் பதுளைக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

அடுத்து அதே தோட்டத்துக் கூலியாளான இராசையா கேட்டான். "சந்தைக்குப் பின்னால புஹாரி கடை. அங்க போ" என்றார்.

"ஏன், ஸ்டேஷன் ரோட்டு மீனு எங்க தொண்டையில எறங்காதா?"

"புஹாரி கடைக்குப் போப்பா. சொன்னாக் கேளு."

"காரணத்தச் சொல்லுங்க."

வைரவநாதன் அவன் பக்கத்தில் கம்பளி போர்த்தி நின்ற மனைவி பூவம்மாவைப் பார்த்தார். பிறகு புளியைக் கட்டத் தொடங்கினார்.

"வா புள்ள" என்றான் இராசையா. "இன்னைக்கு நீ ஸ்டேஷன் ரோட்டுலதான் சாப்புடுற."

இருபது நாள் காய்ச்சலுக்குப் பிறகு பூவம்மா அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்திருந்தாள். காய்ச்சல் விட்டும் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் தொண்டிக் கடற்கரையில் பிறந்தவள். "கடல் மீனு கொழம்பு இருந்தா ரெண்டு வாய் திம்பேங்க" என்று அவளே வாய் திறந்து கேட்டிருந்தாள்.

ஸ்டேஷன் ரோட்டுக் கடை வாசலிலேயே மீன் மணந்தது. உள்ளே கிளாக்கர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டு நிறைய சீலா மீன் துண்டுகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இராசையா படியில் கால் வைத்தான்.

"ஏய், ஏய்! எங்க ஏறுற?" பரிமாறுகிறவன் ஓடி வந்தான். "தோட்டத்து ஆளுங்களுக்குப் பின் பக்கம்."

"உள்ளதான் எடம் இருக்கே?"

"மீனு அதே மீனுதான்யா. போ, போ."

பின் பக்கம் விறகுக் குவியலை ஒட்டி ஈரத் தரை. இலையைத் தரையில் போட்டார்கள். பரிமாறுகிறவன் நின்றபடியே சோற்றைத் தள்ளி, மேலே ஒரு துண்டு மீனைப் போட்டுவிட்டுப் போனான். நல்ல மீன்தான். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"சாப்புடு புள்ள."

பூவம்மா குந்தி உட்கார்ந்தாள். கம்பளியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். கை இலைக்குப் போகவில்லை.

"எனக்குப் பசிக்கலைங்க."

"காலையிலேருந்து பசிக்குதுன்ன?"

"இப்ப பசிக்கலைங்க."

இராசையா அவள் கையைப் பிடித்து எழுப்பினான். "நட. இன்னைக்கு உன்னைத் தின்ன வைக்காம நான் தோட்டத்துக்குத் திரும்ப மாட்டேன்."

சந்தைக்குப் பின்னால் புஹாரியின் கடை. தகரக் கூரை. புஹாரி தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"உக்காருங்க தங்கச்சி. நல்லாச் சாஞ்சு உக்காருங்க. நீங்களும் உக்காருங்க."

பீங்கான் தட்டு வந்தது. பக்கத்து மேசை மௌலவிக்கு வைத்த அதே மாதிரித் தட்டு.

"ஐஸ் பெட்டி மீனெல்லாம் நமக்குக் கட்டாதும்மா. சாளைதான். முள்ளு நெறைய இருக்கும், பாத்து."

"தொண்டிக்காரிக்கிட்டயா முள்ளைப் பத்திச் சொல்றீங்க?" என்றாள் பூவம்மா.

இருபது நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ரெண்டு வாய் என்றவள் தட்டை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க நானா" என்று புஹாரியை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

இராசையாவுக்கு வயிறு நிறைந்தது. கோபம் மட்டும் ஆறவில்லை. கை கழுவும் இடத்தில் புஹாரியிடம் நடந்ததைக் கொட்டினான்.

"பின்னால தரையில உக்கார வைப்பாங்கன்னு அந்த மளிகைக்கடை மொதலாளிக்குத் தெரியும்தானே நானா? தெரிஞ்சும் வாயத் தொறக்கல பாருங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஏன் அங்க போயி நிக்கப்போறோம்?"

புஹாரி திரும்பிப் பார்த்தார். பூவம்மா மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தப் புள்ளைய பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, அத அவரு எப்பிடிங்க சொல்லுவாரு?"