மூன்றாவது கொடிக்கம்பம்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. விளையாட்டுப் போட்டிகள் முடிந்து ஆறு வருடமாயிற்று. திடலில் ஜோதி ஏற்றிய கோபுரம் துருவேறி நிற்கிறது, நீரூற்றுத் தொட்டியில் சருகு மக்குகிறது. பெருக்குகிறவள் மூன்றாவது கொடிக்கம்பத்தடியில் செருப்பைக் கழற்றி விடுகிறாள். இந்தத் திடலுக்காக இடித்த அவள் வீட்டின் வாசல் அங்கேதான் இருந்தது. கொதிக்கும் கல்லில் கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி, வீடு இருந்த பத்துக்குப் பத்தடி இடத்தை மட்டும் மூலை முடுக்கு விடாமல் கூட்டுகிறாள். "பைத்தியமா உனக்கு? கால் வெந்துடும்டி!" என்று கத்திக்கொண்டே, தண்ணீர் பாட்டிலோடு புருஷன் குறுக்கே ஓடி வருகிறான். அவள் துடைப்பத்தை நீட்டித் தடுக்கிறாள். "அங்க சுவருங்க. சுத்தி வாங்க." அவன் எதிரிலிருக்கும் வெட்டவெளியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு கம்பம் வரை நடந்து, அவள் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பையும் விடுகிறான்.