எண்பத்து நாலாம் பக்கம்

"அந்தப் புத்தகத்தை இங்கே குடு. நான் பார்க்கணும்" என்றார் கணாரன்.

பவித்ரன் வாசிப்பதை நிறுத்தினான். பீடிக் கம்பெனியில் முப்பது பேரின் கைகளும் நின்றன.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் பவித்ரன் கதை வாசிப்பான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவார்கள். அந்த ஒரு மணி நேரம் அவன் சுற்றாத பீடிக்கு ஈடாக, ஆளுக்கு ஐந்து பீடியை அவன் முறத்தில் போடுவார்கள். அப்பன் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு.

"எதுக்கு கணாரேட்டா?" என்றான் பவித்ரன். அவனுக்குக் கணாரன் 'ஏட்டன்', அண்ணன் முறை.

"புத்தகம் மொத்தம் நூத்திப் பன்னெண்டு பக்கம். நேத்து வாசகசாலையில கேட்டுட்டு வந்தேன். நீ ஒரு நாளைக்கு நாலு பக்கம் படிக்கிறே. இருபத்தெட்டு நாள்ல கதை முடியணும். இன்னைக்கு நாப்பத்தொன்பதாவது நாள்."

"சில நாள் குறைச்சலா படிச்சிருப்பேன்."

"இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மூத்தவரான சாத்து குறுக்கே வந்தார். "சோத்துப் பருக்கையைக்கூட எண்ணித் திங்கிறவன் நீ. கதை நீண்டா உனக்கு எங்கே வலிக்குது கணாரா? உட்காரு."

எப்போதும் சாத்து வாயைத் திறந்தாலே சிரிப்பவர்கள். அன்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கணாரனுக்கு வலிக்கத்தான் செய்தது. வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான். மகளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்குத் திரும்பியபோது, இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது. சௌமினி என்று ஒரு பெண். தினமும் தோணியில் ஆற்றைக் கடந்து அக்கரைக்குத் தையல் படிக்கப் போகிறாள். அவளே தையல் மிஷின் வாங்கியது, தோணிக்காரனோடு சண்டை போட்டது, ஆறு பிள்ளைகளுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது எல்லாம் கணாரனுக்கு மனப்பாடம். சாயங்காலம் அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது, நாளைக்கு இவள் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்கு யோசிக்க வேறு எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சௌமினி பொய் என்றால்?

"எழுதினவர் எழுதாததை இவன் படிக்கிறான். உட்கார்ந்த இடத்துல பீடி வருது, கதையை இழுத்துக்கிட்டே போறான். நாம காதுல பூவோட உட்கார்ந்திருக்கோம்" என்றார்.

பவித்ரன் புத்தகத்தை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டான். "என் மேல கோபம்னா உங்க அஞ்சு பீடியைத் திருப்பி எடுத்துக்கங்க கணாரேட்டா. புத்தகம் வேண்டாம்."

"வேற ஆள் வாசிக்கட்டும். யாருக்கெல்லாம் சம்மதமோ, கையைத் தூக்குங்க."

கணாரன் கையைத் தூக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அவருடையதைத் தவிர வேறு கை இல்லை.

"எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு சுற்றிய பீடி ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை.

மத்தியானம் பவித்ரன் கை கழுவப் போனான். கணாரன் எழுந்து போய் அவன் இடத்திலிருந்த புத்தகத்தை எடுத்தார். சாத்து பார்த்தார். பக்கத்தில் பீடி சுற்றும் லட்சுமணன் பார்த்தான். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் சோற்றுத் தூக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

அடையாளத்துக்கு ஒரு பீடி இலை வைத்திருந்தது. எண்பத்து நாலாம் பக்கம். ரொம்ப நாளாக ஒரே இடத்தில் இருந்து, இலை தாளோடு ஒட்டிப்போயிருந்தது.

கணாரன் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

'நடு ஆற்றில் தோணி கவிழ்ந்தது. எட்டுப் பேரைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். எட்டாவதாகக் கிடந்தவள் சௌமினி.'

விரல் அங்கேயே நின்றது.

துலா மாத வெள்ளத்தில் மகள் நளினி ஏறிய தோணியில் பதினோரு பேர் இருந்தார்கள். அவளை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள்.

ஒரு நாளைக்கு நாலு பக்கம். எண்பத்து நாலாம் பக்கம் என்றால் இருபத்தோராவது நாள். மகளுக்குப் பதினாறு முடித்து அவர் இந்த முறத்தின் முன்னால் திரும்பி வந்து உட்கார்ந்த நாள். கணக்கு இம்மி பிசகவில்லை.

புத்தகத்தின் கடைசியில் வாசகசாலைச் சீட்டு ஒட்டியிருந்தது. பதினாலு நாளுக்கு மேல் ஒருவர் புத்தகத்தை வைத்துக்கொள்ள முடியாது. பவித்ரன் பெயருக்குக் கீழே மூன்று பேர் மாற்றி மாற்றித் தங்கள் பெயரில் எடுத்திருந்தார்கள். கடைசிப் பெயர் சாத்து.

கணாரன் இலையை அதே பக்கத்தில் வைத்தார். புத்தகத்தை அதே இடத்தில் வைத்தார். போய் உட்கார்ந்து கத்திரியை எடுத்தார்.

மறுநாள் காலை, பவித்ரன் முறத்தில் முதலில் விழுந்தது கணாரனின் ஐந்து பீடி.

பவித்ரன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "கணாரேட்டா, நேத்து நீங்க..."

"நேத்து சௌமினி வகுப்பு முடிஞ்சு தோணியில ஏறினா. அதோட நான்தான் குறுக்கே பேசி நிறுத்திட்டேன்." கணாரன் தலை நிமிராமல் இலையை வெட்டிக்கொண்டிருந்தார். "கரை சேர்ந்தாளா?"

பவித்ரன் இலை வைத்திருந்த பக்கத்தைத் திறந்தான்.

"சேர்ந்துட்டா, கணாரேட்டா."