லோஷினி வரைந்த யானைக்குட்டி

“கம்பியைப் பிடிச்சிருக்கிறது யாரு, லோஷினி?”

“எங்கப்பா, டீச்சர்.”

உமாதேவி டீச்சர் படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

‘காட்டு விலங்குகளைக் காப்போம்’ என்று வெண்பலகையில் எழுதி, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் சிரிக்கிற புலியும் புல் மேய்கிற மானுமாக வரைந்து தள்ளியிருந்தார்கள். லோஷினி வரைந்தது ஒரு யானைக்குட்டி. அதன் முன்னங்காலில் கம்பிக் கண்ணி. காலெல்லாம் சிவப்பு கிரேயான். பக்கத்தில் ஒரு ஆள், ஒரு கையில் கம்பி, மறு கையில் பாராங் கத்தி.

“இதை நீ பார்த்தியா?”

“நான் மோட்டார் சைக்கிள்லயே உக்காந்திருந்தேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு.” சொன்ன பிறகுதான் லோஷினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் செல்வராணி டீச்சர் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “வனவிலங்கு இலாகாவுக்குப் போன் பண்ணுங்க, உமா. ஆனா என் பேரை இழுக்காதீங்க. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர் புகார் கொடுத்தாரு. ரெண்டே நாள்ல அவர் காரைக் கொளுத்திட்டாங்க லா.”

பள்ளி இருக்கும் பாலோவிலிருந்து வீடு இருக்கும் குளுவாங்குக்கு உமாதேவி தினமும் தனியாகத்தான் கார் ஓட்டிப் போகிறாள். வழி நெடுக செம்பனைக் காடு. மூன்று முறை போனை எடுத்தாள். மூன்று முறையும் வைத்துவிட்டாள்.

பள்ளி விட்டது. எல்லாரும் போன பிறகும் அவள் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

“டீச்சர், நான் லோகேஸ்வரன். லோஷினியோட அப்பா.”

இடுப்பில் உறை போட்ட கத்தி. உள்ளே வந்தவன் கதவைச் சாத்தினான்.

“என் மக ஒரு படம் வரைஞ்சாளாமே. அதைக் குடுத்திடுங்க.”

“எ… எந்தப் படம்?”

“வீட்டுக்கு வந்து அழுதுகிட்டே சொல்லிட்டா டீச்சர். குடுங்க.” ஒரு அடி முன்னால் வந்தான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே அவள் கார் மட்டும்தான் நின்றது.

“அது இங்க இல்ல! இலாகாவுக்கு அனுப்பியாச்சு. அவங்க வந்துகிட்டிருக்காங்க!”

பொய்தான். ஆனால் வேறு வழி தெரியவில்லை. அவன் கை கத்திக்குப் போகப்போகிறது என்று அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

கத்திக்குப் போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“ஐயோ, அலமாக்! எந்த இடம்னும் சொல்லிட்டீங்களா?”

அவன் பயந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் துணிச்சல் வந்தது. “கண்ணி வைக்கும்போது இந்தப் பயம் எங்க போச்சு?”

“நான் வைக்கல டீச்சர். எவனோ வச்சிட்டுப் போயிட்டான். குட்டி கத்துன கத்துல மனசு கேக்கல. போய் அறுத்து விட்டேன்.” சட்டையைத் தூக்கிக் காட்டினான். விலாவிலிருந்து இடுப்புவரை கன்றிக் கறுத்திருந்தது. “காப்பாத்துறேன்னு தாய் யானைக்கு எப்படித் தெரியும்? ஓடி வந்து தூக்கி அடிச்சிடுச்சு.”

“ஐயோ! இதை ஏங்க யார்கிட்டயும் சொல்லல?”

லோகேஸ்வரன் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

“இலாகா வண்டி வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும் டீச்சர். மனுஷனை அடிச்ச யானைன்னு தெரிஞ்சா, பயத்துல யாராவது பழத்துல விஷம் வச்சிடுவாங்க. குட்டி இன்னும் பால் குடிக்குது… அதான், மோட்டார்லேர்ந்து விழுந்துட்டேன்னு எம்பொண்டாட்டிகிட்டகூட பொய் சொல்லி வச்சிருக்கேன்.”