பத்து நிமிடப் படிவம்

"ஒரே ஒரு பொம்பள, ஒரு அரசாங்கத்தையே வாயடைச்சு எழுந்து நிக்க வெச்சா. நான் கண்ணால பார்த்தேன்."

ஓய்வு பெற்ற கண்டக்டர் சொல்லி முடிப்பதற்குள், துணி மடித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை சிரித்துவிட்டாள். பேருந்தில் இருந்த காலத்தில் அவர் டிக்கெட் கொடுத்ததைவிடக் கதை விட்டதுதான் அதிகம். ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தார்; வாயைக் கொடுக்கவில்லை.

"இவர் சொல்றதுல பாதியைத் தள்ளிடு. மீதியை நம்பாதே," என்றாள் தங்கை, எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரியிடம்.

தையல்காரி மாடியில் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவளுடைய மகளுக்குப் பிறவியிலேயே இடது கை கிடையாது. பள்ளிக்குப் போய்வர அரசு தரும் உதவிக்காகப் பருவத்துக்கு ஒரு முறை படிவம் எழுதித் தர வேண்டும். 'குறைபாடு இன்னும் நீடிக்கிறதா?' என்று அதில் ஒரு கேள்வி. நீடிக்கிறது என்று மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் வரிசையில் நிற்கும்போது அந்தச் சிறுமி கேட்டாளாம்: "ஏம்மா, முளைச்சிரும்னு அவங்க நினைக்கிறாங்களா?"

இப்போது அந்தப் படிவத்தைத் திருத்தப்போகிறார்கள். பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. நாளைக்குத்தான் கூட்டம். போனால் அந்தக் கேள்வி போகுமா, இல்லை ஒரு நாள் கூலிதான் போகுமா என்று தையல்காரிக்குக் குழப்பம். அத்தனை அதிகாரிகளுக்கு நடுவில் நான் நின்று என்ன பேச முடியும் என்றாள். அதற்குத்தான் கண்டக்டர் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டார்.

அது வேறொரு படிவம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் ஆண்டுதோறும் எழுதித் தருவது. அதைத் திருத்தவும் ஒரு சமயம் கருத்துக் கேட்டார்கள். கேட்பார்களே தவிர, யாரும் போவதில்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அறிவிப்பை உரக்கப் படித்தே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் காலி நாற்காலிகளைப் பார்த்து அதிகாரி 'பெருமக்களே' என்று கும்பிடுவார். நாற்காலிகள் பதிலுக்குக் கும்பிடாததுதான் பாக்கி.

"அன்னிக்குப் பெருமக்கள்ல ஒரு ஆள் நெஜமாவே உக்காந்திருந்துச்சு. அதிகாரிக்குப் பேயைப் பார்த்த மாதிரி ஆயிருச்சு."

'நிரப்ப ஆகும் நேரம் பத்து நிமிடம். இது சரியா?' என்று அறிவிப்பில் கேட்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு படிவத்தைக் கேட்டு வாங்கினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தாள். பெயர், முகவரி எல்லாம் மளமளவென்று ஓடின. 'கணவர் இறந்த விதம், விவரமாக' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

நின்றது நின்றதுதான். கருத்துச் சொல்ல வந்தவர் முடிக்காமல் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது என்பது அவர்களே போட்ட விதியாம். ஒருவரும் அசையவில்லை. தேநீர் ஆடை கட்டியது. அந்த ஆடையில் வந்து உட்கார்ந்த ஈ, பறக்க மறந்தது. கடிகார முள்கூடச் சத்தம் போடக் கூசி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது.

"கடிகாரத்துக்குச் செருப்பு வேறயா?" என்றாள் தங்கை. "ஒருத்தி எழுதாம உக்காந்திருந்தா, அடுத்த ஆளைக் கூப்பிடுன்னு போயிட்டே இருப்பாங்க."

"அடுத்த ஆளே கெடையாதே, தங்கச்சி."

தங்கை மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

கண்டக்டரின் குரல் தணிந்தது. எழுத வரவில்லையா என்று தலைமை அதிகாரி மெதுவாகக் கேட்டாராம்.

"அதுக்கு அந்தம்மா சொன்னா: 'எழுத வரும் சார். வருஷா வருஷம் எழுதறேன். எழுதறப்பல்லாம் அவர் மறுபடியும் சாகறார். அதுக்கு எத்தனை நிமிஷம்னு நீங்களே போட்டுக்குங்க.'"

தையல்காரி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

யாரும் சொல்லாமலே அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்களாம். தலைமை அதிகாரி தன் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் குறுக்கே கோடு போட்டார். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். கண்டக்டருக்கு நிறுத்தம் பிடிக்காது. "வெளிய வந்தா சாயங்காலம். அந்தம்மாவைப் பார்த்துட்டுப் போகலாம்னு சூரியன் மறையாம காத்துக்கிட்டு நிக்குது."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை கண்ணில் நிறைந்திருந்த வியப்பு அந்தச் சிரிப்போடு வடிந்துபோனது. கதை நல்லா இருக்கு அண்ணே, ஆனா கதைதானே என்றபடி எழுந்தாள். தைக்க வேண்டிய சட்டைகள் குவிந்து கிடக்கின்றன, கூட்டத்துக்குப் போகவில்லை என்றாள். கண்டக்டர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரி மாடிப்படியில் கால் வைத்தபோது, தங்கை துணியைக் கீழே வைத்தாள்.

"சூரியனெல்லாம் பொய். வெளிய வந்தப்போ மத்தியானம்தான்," என்றாள். "மத்ததெல்லாம் நடந்தது. நீ காலையில கெளம்பி நில்லு, நானும் கூட வர்றேன். அத்தனை பேரும் எழுந்து நின்னதும் எனக்குக் காலே வரல. இந்த மனுஷன்தான் வாசல்லேர்ந்து ஓடி வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார்."