ஹெஸ்லர் குடும்பத்தின் சூட்டுக்கோல்

மார்லிஸ் அந்த மலையடிவார ஊரைப் பார்க்க வந்தபோது, கன்றுகளுக்குச் சூடு போட ஊரே பண்ணைகளுக்குப் போயிருந்தது. முன்னோர் அருங்காட்சியகத்தில் காவலர் ஓடெல் மட்டும் இருந்தார். சுவரில் குடும்பத்துக்கொரு சூட்டுக்கோல், நுனியில் அந்தக் குடும்பத்தின் அடையாளத்தோடு தொங்கியது.

"இந்த அரைநிலா யாரோடது?"

"ஹெஸ்லர் குடும்பம்மா. குடியேறின முதல் குளிர்காலத்துலயே பனியில மொத்தமா செத்துப்போய்ட்டாங்க. ஆனா வருஷா வருஷம் எங்க மந்தையில ஒரு கன்னுக்குட்டி மேல இந்தச் சூடு புதுசா இருக்கும். அடுத்தவங்க மாட்டை நாங்க வச்சுக்கிறதில்ல. வடக்கு வேலியைத் திறந்து அதை அவங்ககிட்டயே விட்டுடுவோம்."

"வெளியூர்க்காரி கிடைச்சா போதுமே, கதை விடுவீங்களே!"

ஓடெல் சிரிக்கவில்லை. "இன்னியோட சூடு போட்டு முடியுது. இந்த வருஷம் இன்னும் எதுவும் வரல."

மார்லிஸ் சிரித்துக்கொண்டே கோலின் அரைநிலா நுனியைப் பிடித்தாள். அலறிக் கையை உதறினாள். உள்ளங்கையில் அரைநிலா சிவந்து கொப்பளித்திருந்தது.

ஓடெல் தண்ணீர் எடுக்க ஓடவில்லை. அந்தக் கையையே சற்று நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நடந்துபோய் வடக்குக் கதவைத் திறந்தார். வெளியே மே மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வந்த காற்றில் பனி இருந்தது.

போய்ட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை.

"போங்கம்மா," என்றார்.