பேணிக்குள் வந்த மணிக்கூடு

அபூசாலிக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று மன்னார் பெரியகடைத் தெரு முழுக்கப் பேச்சு.

பின்னே என்ன? அவனுடைய மணிக்கூட்டுக் கடைக்குள் பஸ்ரியன் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டுக் குப்புறக் கிடந்து நிலத்தைத் துழாவுகிறான். அபூசாலியோ கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு யாருடையதோ கைமணிக்கூட்டுக்கு பற்றறி போடுகிறான். எட்டாம் வகுப்புவரைக்கும் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

"தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் சனத்தோட அவனையும் ஊரைவிட்டு எழுப்பினது. இப்ப இயக்கத்தில இருந்தவன் அவனிட்டயே தொழில் பழக வந்திருக்கிறான். சும்மா விடுவானே?" என்றார் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் சிங்கராசா.

பஸ்ரியனுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. வாய்விட்டுக் கேட்கத்தான் துணிவில்லை.

விசயம் இதுதான். சண்டை முடிந்து புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த பஸ்ரியனுக்குத் தாழ்வுபாட்டுக் கிராமத்து அன்ரோனெற்றைக் கட்ட விருப்பம். அவளுக்கும் விருப்பம். தாய் பிரான்சிஸ்காவுக்குத்தான் இல்லை. ஆனால் சுவாமியாரே வீட்டுக்கு வந்து பேசின சம்பந்தம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல ஏலாது.

அதனால் ஒரு தகர பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். உள்ளே ஒரு சுவர் மணிக்கூடு, துண்டு துண்டாக. புருசன் கழற்றினது. திருப்பிப் பூட்ட முதல் மனுசன் கண்ணை மூடிவிட்டார்.

"தொழில் பழகிறனெண்டு சொல்லுறீர், தம்பி. வாற ஞாயிறு பூசைக்கு முன்னம் இது ஓடவேணும். ஓடினால் கோயில்ல கலியாண ஓலை வாசிக்கலாம். ஓடாட்டில் இந்தப் பேச்சை விட்டிடுவம்."

பஸ்ரியன் பேணியைக் கடை மேசையில் கொட்டி நாலு நாள் இருந்து பூட்டினான். வியாழக்கிழமை பார்த்தால் ஒரு பல்லுச் சில்லுக் குறைகிறது. எங்கேயோ விழுத்திப்போட்டேன் என்று தலையில் கைவைத்தான்.

இயக்கத்தில் அவன் கண்ணிவெடிப் பகுதி. தேடுகிறதென்றால் அவனுக்கு ஒரு முறைதான் தெரியும். கடைக்குள் நூல் கட்டி நாலு ஒழுங்கை பிரித்தான். குப்புறப் படுத்து, சைக்கிள் கம்பியால் விரற்கடை விரற்கடையாகக் குத்திக் குத்தி முன்னேறினான். முடிந்த ஒழுங்கைக்கு வெள்ளைத் துணி, முடியாததுக்குச் சிவப்பு. மணிக்கூட்டுக்கு வார் மாற்ற வந்த பாத்தும்மா சிவப்பைக் கண்டதும் வாசலோடு திரும்பிப் போய்விட்டாள்.

"சிமெந்து நிலமடா," என்றான் அபூசாலி. "சில்லு அதுக்குக் கீழ போகாது."

"உன்னட்ட இப்பிடியொரு சில்லு இருக்கே, மச்சான்?"

"பழைய சாமான். கைவசம் இல்லை."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையும் அதே மறுமொழி சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போய்விட்டான். நான் சொன்னது சரிதானே என்கிற மாதிரிச் சிங்கராசா தலையை ஆட்டினார். பஸ்ரியன், தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிற அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்தான்.

சனிக்கிழமை காலையில் சில்லுக் கிடந்தது. அதுவும் இரண்டாம் ஒழுங்கையின் நட்ட நடுவில். இரண்டு தரம் துப்புரவாக்கி வெள்ளைத் துணி போட்ட இடம். இயக்கத்தில் இப்படி விட்டிருந்தால் மற்றக் காலும் போயிருக்கும் என்று வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துப் பூட்டினான். பின்னேரம் மணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது.

ஞாயிறு விடிய, பிரான்சிஸ்காவின் வீட்டுச் சுவரில் அது ஆறு தரம் அடித்தது. அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டு, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, எதையோ எடுத்து பஸ்ரியனின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒரு பித்தளைச் சில்லு.

"நான்தான் பேணிக்குள்ளயிருந்து எடுத்து வச்சனான், தம்பி. இது இல்லாமல் உம்மால ஓட்ட ஏலாதெண்டு நினைச்சன். அந்தோனியார் உமக்கு வேற சில்லுக் குடுத்திருக்கிறார். அவரோட நான் வழக்குப் பேச மாட்டன். ஓலை வாசிக்கச் சொல்லும்."

கதவடியில் அன்ரோனெற் சிரித்ததைக்கூட பஸ்ரியன் சரியாகப் பார்க்கவில்லை. பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிக் கடைக்கு வந்து சேர்ந்தான்.

அபூசாலி வழமைபோலக் குனிந்திருந்தான். அவனுடைய தலைக்கு மேலே, அகதியாய் இருந்த காலத்தில் புத்தளத்தில் வாங்கின கடை மணிக்கூடு. பிரான்சிஸ்கா வீட்டு மணிக்கூட்டின் அதே சாதி, அதே அளவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரையோடு நின்றுபோய்க் கிடந்தது. நிலத்தையே பார்த்துக் கிடந்த பஸ்ரியன் இரண்டு நாளாக அண்ணாந்து பார்க்கவேயில்லை.

"பேணியைக் கொட்டின அண்டைக்கே எண்ணிப் பாத்திட்டன், ஒண்டு குறைஞ்சுதான் வந்தது," என்றான் அபூசாலி, தலை நிமிராமலே. "சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும், கலியாணம் வந்திராது."

பிறகு கையை மட்டும் நீட்டினான்.

"மாமி தந்ததைக் கொண்டா இஞ்ச. ரெண்டு நாளா என்ர கடையில நேரம் தெரியேல்லையடா."